பத்து விநாடித் தாமதம்

பக்கத்துக் கல்லூரி ஒன்றின் கணினித் துறை ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். "சி மொழியில ஷேர்டு மெமரி எரர் வந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க மேடம், பசங்களுக்கு யூஸ் ஆவும்" என்றார் துறைத் தலைவர். சரி என்று சொல்லிவிட்டேன். மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் பாடப் புத்தகம் மாதிரி வந்தது. எழுதியதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் சொல்ல வேண்டியதும் அதில் இல்லை. இது நான்காவது முறை. இதை அவர்கள் அச்சிடுவார்களா என்று தெரியவில்லை.

நான் திண்டிவனத்துக்காரி. கணினியில் டிப்ளமோ முடித்தேன். விழுப்புரத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் சி கற்றேன், அங்கேயே இரண்டு வருடம் சொல்லியும் கொடுத்தேன். பிறகு விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தேன். அதன் பெயர் வேண்டாம். திண்டிவனத்தில் அதற்கு ஒரு சிறிய கிளை உண்டு. காலையில் ரயிலில் போவேன், மாலையில் ரயிலில் திரும்புவேன். அந்த மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கான புரோகிராம்கள் எல்லாம் நான் எழுதியவை. புரோகிராம் வரிகள் இருக்கும் ஒவ்வொரு சோர்ஸ் கோப்பின் தலையிலும் 'எழுதியவர்: பார்வதி' என்று இருக்கும். அப்போது அதில் எனக்குப் பெருமை.

ஷேர்டு மெமரி என்பதைக் கணினி படிக்காதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஒரு கணினியில் பல புரோகிராம்கள் ஓடுகின்றன. ஒன்று மனதில் வைத்திருப்பது மற்றதுக்குத் தெரியாது. தெரிய வேண்டுமென்றால் இரண்டுக்கும் பொதுவாக ஓர் இடம் ஒதுக்க வேண்டும். சுவரில் மாட்டிய கரும்பலகை என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு புரோகிராம் அதில் எழுதும், இன்னொன்று வந்து படிக்கும். ஒவ்வொரு பலகைக்கும் ஓர் எண் உண்டு. 'இந்த எண் பலகை வேண்டும், இவ்வளவு பெரியதாக வேண்டும்' என்று புரோகிராம் சிஸ்டத்தைக் கேட்கும். ஏற்கெனவே இருந்தால் சிஸ்டம் அதைக் காட்டும். இல்லாவிட்டால் புதிதாக மாட்டித் தரும். முடியாவிட்டால் ஒரு பிழைச் செய்தி வரும்.

எனக்கு முதலில் பெயர் வாங்கித் தந்ததும் அப்படி ஒரு பிழைதான். திண்டிவனம் கிளையில் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்று வந்து புரோகிராம் நின்றுவிட்டது. இடம் இல்லை என்கிறதே என்று புது ஹார்டு டிஸ்க் வாங்கிப் போட்டார்கள். அப்போதும் அதே செய்தி. நான் போய் உட்கார்ந்து, இருக்கிற பலகைகளை எல்லாம் பட்டியல் போடும் கட்டளையைக் கொடுத்தேன். ஐபிசிஎஸ் என்பது அதன் பெயர். திரை நிறையப் பலகைகள். பெரும்பாலானவற்றைப் படிக்க ஆளே இல்லை. ஊழியர்கள் புரோகிராமைப் பாதியில் மூடும்போதெல்லாம் பழைய பலகை சுவரிலேயே தங்கிவிட, அடுத்த முறை வேறு எண்ணில் புதிதாக ஒன்று மாட்டப்பட்டிருக்கிறது. இத்தனை பலகைகளுக்கு மேல் கூடாது என்று சிஸ்டத்துக்கு ஒரு வரம்பு உண்டு. அது முட்டிவிட்டது, அவ்வளவுதான். டிஸ்க்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆளில்லாதவற்றைக் கழற்றினேன், ஓடியது.

அன்றிலிருந்து எனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். பிழைச் செய்தியை முழுதாகப் படிக்க வேண்டும். உடனே ரீஸ்டார்ட் செய்யக் கூடாது, செய்தால் தடயம் அழிந்துவிடும். பட்டியல் போட்டு ஒவ்வொரு பலகையின் எண், சொந்தக்காரர், அளவு, எத்தனை புரோகிராம்கள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்ற நான்கையும் தாளில் எழுத வேண்டும். ஒட்டியிருப்பவை எவை என்று பெயர் பெயராகப் பார்க்க வேண்டும். எதிர்பாராத ஒன்று இருந்தால் அது ஏன் என்று தெரியாமல் எதையும் கழற்றக் கூடாது. மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். இந்த முறையை ஒரே ஒரு நாள் நான் பாதியில் விட்டேன்.

எங்கள் பிரிவின் தலைவர் ஏழுமலை சார். ஒல்லியானவர், அரைக்கைச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து அணிவார். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஏதாவது கெட்டுப்போனால் வந்து நம் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். திட்ட மாட்டார், அவசரப்படுத்தவும் மாட்டார். சிறிது நேரம் கழித்து, "ஓடுதாம்மா?" என்பார். அந்த ஒரு கேள்விதான். டாக்டர்கள் போனில் கத்துவதையெல்லாம் அவரே வாங்கிக்கொள்வார், எங்கள் காதுக்கு வர விட மாட்டார். லீவு கேட்டால் காரணம் கேட்க மாட்டார். எதையும் எழுத்தில் தரவும் மாட்டார். எல்லாம் வாய் வார்த்தைதான். எங்கள் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் திண்டிவனம் கிளையின் சர்வரை எடுத்துவிட்டு, இரண்டு ஊர்ப் புரோகிராம்களையும் விழுப்புரத்திலிருந்த ஒரே சர்வரில் ஓட்டுவது என்று முடிவானது. ஊருக்கொரு ஃபோல்டர் போட்டுப் புரோகிராம்களை மாற்றினேன். விழுப்புரத்துக்கு ஒரு பெரிய பலகை, திண்டிவனத்துக்கு ஒரு சின்னப் பலகை. அதே சமயத்தில் நிர்வாகம் பரிசோதனைக் கூடத்தில் கைப்பதிவேட்டை நிறுத்தியது. அதுவரை, முடிவு ஆபத்தானதாக இருந்தால் டெக்னீஷியன் வார்டுக்குப் போன் செய்வார். இனி வார்டுத் திரையில் சிவப்பு எழுத்தில் வந்துவிடும், போன் தேவையில்லை என்றார்கள். சிவப்பு எழுத்தைப் போட்டுக் கொடுத்தவளும் நான்தான்.

மாற்றிய சில நாளில் ஒரு திங்கட்கிழமை காலை, சர்வரை நிறுத்தி ஏற்றியதும் விழுப்புரம் புரோகிராம் எழவில்லை. 'இன்வேலிட் ஆர்க்யூமென்ட்' என்று வந்தது. வார்டுகளிலிருந்து போன் மேல் போன். நான் பட்டியல் போட்டேன். ஒரே ஒரு பலகை இருந்தது. அதன் எண் இருக்க வேண்டிய இடத்தில் எஃப் என்ற ஆங்கில எழுத்து எட்டு முறை வரிசையாக நின்றது. நான் கொடுத்த எண் அப்படி இருக்காதே என்று தோன்றியது. தாளை எடுத்தேன். முதுகுக்குப் பின்னால் ஏழுமலை சார் நிற்பது தெரிந்தது.

"ஓடுதாம்மா?"

"இல்ல சார். திண்டிவனம் முதல்ல ஏறிச்சின்னா விழுப்புரம் ஏற மாட்டேங்குது. விழுப்புரம் முதல்ல ஏறிச்சின்னா ரெண்டுமே ஏறிடுது. ஏன்னு பாக்கணும்."

"அப்ப விழுப்புரத்த முதல்ல ஏத்திடும்மா."

"காரணம் பாத்துட்டு..."

"ஐசியூல ரிசல்ட்டுக்குக் காத்துக்கினு கீறாங்க. ஜல்தியா ஏத்திவுடு. காரணத்த அப்பாலிக்கா பாரு."

திண்டிவனம் புரோகிராமைத் தொடங்கும் வரிக்கு முன்னால், பத்து விநாடி பொறுத்திரு என்று ஒரு வரி சேர்த்தேன். விழுப்புரம் எப்போதும் முந்திக்கொள்ளும். இரண்டும் ஏறின. ஏழுமலை சார் என் மேசையில் விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார், அது அவருடைய பாராட்டு. அந்தப் பிழை அதன் பிறகு ஒருநாளும் வரவில்லை. காரணத்தை நான் பார்க்கவும் இல்லை. வேறு வேலைகள் வந்தன.

இரண்டு மாதம் போயிருக்கும். பெரணிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சிறுநீரகக் கோளாறோடு ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். நாற்பது வயதுதான் இருக்கும். காலையில் ரத்தம் எடுத்தார்கள். பொட்டாசியம் அதிகமாகிவிட்டால் இதயம் நின்றுவிடும், அதனால் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். வார்டுத் திரையில் 4.1 என்று சாதாரணக் கறுப்பு எழுத்தில் வந்தது. டாக்டர் அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். மதியம் மூன்று மணிக்கு அந்தப் பெண் இறந்துபோனார். அவர் கணவர் செருப்பில்லாமல் வராந்தாவில் நின்றுகொண்டிருந்ததை நான் தேநீருக்குப் போகும்போது பார்த்தேன். யாரோ என்று நினைத்துக் கடந்தேன்.

மறுநாள் பரிசோதனை இயந்திரத்தின் நினைவகத்தைத் திறந்து பார்த்தார்கள். அதில் 6.8 இருந்தது, உயிருக்கே ஆபத்தான அளவு. கணினியில் 4.1. இயந்திரத்தைப் பார்த்துக் கணினியில் அடித்தவள் டெக்னீஷியன் ஸ்டெல்லா.

ஸ்டெல்லாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. திருவெண்ணெய்நல்லூர் பக்கம் ஒரு காலனி. அப்பா அம்மா இருவரும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். அந்தத் தெருவில் படித்து வேலைக்கு வந்த முதல் பெண் அவள்தான். புது சாஃப்ட்வேரில் ஏதாவது புரியாவிட்டால் என் அறைக்கு வந்து, "அக்கா, இத கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்" என்பாள். சொன்னதைக் குட்டி நோட்டில் எழுதிக்கொள்வாள். ஒருமுறை சொன்னால் போதும், மறுமுறை கேட்டதே இல்லை.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். நிர்வாகி, மூத்த டாக்டர் ஒருவர், ஏழுமலை சார், நான். ஸ்டெல்லா நின்றுகொண்டிருந்தாள்.

"நான் ஆறு புள்ளி எட்டுதான் சார் அடிச்சேன். எனக்கு நல்லா ஞாபகம் கீது" என்றாள்.

நிர்வாகி என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அடிச்சத கம்ப்யூட்டர் தானா மாத்திடுமா?"

"மாத்தாது சார். என்ன அடிச்சமோ அதத்தான் வச்சிருக்கும்" என்றேன்.

நம்பித்தான் சொன்னேன். என் புரோகிராம் பற்றி எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஸ்டெல்லா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் என் பேச்சை நம்பிவிட்டாள் என்று நினைக்கிறேன். அதற்கு மேல் அவள் வாதாடவில்லை. "அப்ப நான்தான் தப்பா அடிச்சிட்டனா அக்கா?" என்று என்னிடம் கேட்டாள், அழக்கூட இல்லை. அன்றே வேலையிலிருந்து நீக்கினார்கள். அலட்சியத்தால் நீக்கப்பட்டவர் என்று எழுதிய தாளோடு போனவளை எந்தப் பரிசோதனைக் கூடம் சேர்த்துக்கொள்ளும்?

பதினோரு நாள் கழித்து, கிளைகளிலிருந்து வந்த புகார்த் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். திண்டிவனத்துத் தாளில் ஒரு வரி: 'பொட்டாசியம் ரிசல்ட் போகவில்லை, திரும்ப அடித்தோம்.' தேதியும் நேரமும் போட்டிருந்தார்கள். அந்தப் பெண் இறந்த நாள். ஸ்டெல்லா அடித்த அதே நிமிடம். திண்டிவனத்து நோயாளியின் முடிவைப் பார்த்தேன். 4.1.

எட்டு எஃப் அப்போதுதான் ஞாபகம் வந்தது. பட்டியல் போட்டேன். இரண்டு பலகை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. அதில் இரண்டு ஊர்ப் புரோகிராம்களும் ஒட்டிக்கொண்டிருந்தன.

நடந்தது இதுதான். பலகையின் எண்ணை ஒரு கோப்பின் பெயரிலிருந்து உண்டாக்குவது வழக்கம். நான் ஃபோல்டர்களை மாற்றியபோது அந்தக் கோப்புகள் பழைய இடத்தோடு போய்விட்டன. கோப்பு இல்லையென்றால் சிஸ்டம் 'மைனஸ் ஒன்று' என்று பதில் சொல்லும். 'கிடைக்கவில்லை' என்பது அதன் பொருள். அதைச் சோதிக்க ஒரே ஒரு வரி எழுதியிருக்க வேண்டும், நான் எழுதவில்லை. கிடைக்கவில்லை என்ற பதிலையே பலகையின் எண்ணாக இரண்டு புரோகிராம்களும் எடுத்துக்கொண்டன. மைனஸ் ஒன்று பட்டியலில் எட்டு எஃப்பாகத் தெரியும். ஆக இரண்டு ஊருக்கும் ஒரே பலகை. சின்னப் பலகை முதலில் மாட்டப்பட்டால், பெரியது கேட்கும் விழுப்புரத்துக்கு அளவு பொருந்தாமல் பிழை வரும். பெரியது முதலில் மாட்டப்பட்டால் சின்னதைக் கேட்கும் திண்டிவனம் சத்தமில்லாமல் அதிலேயே எழுதத் தொடங்கும். அந்தத் திங்கட்கிழமைப் பிழை ஒன்றுதான் எங்களை எச்சரித்தது. பத்து விநாடி போட்டு அதன் வாயை நான் அடைத்தேன்.

அந்தப் பெண் இறந்த அன்று காலை திண்டிவனம் தன் நோயாளியின் பில் எண்ணைப் பலகையில் எழுதியிருக்கிறது. அதே கணத்தில், அதே கட்டத்தில், அதன் மேல் விழுப்புரம் தன் பில் எண்ணையும் 6.8-ஐயும் எழுதியது. விட்ட இடத்திலிருந்து திண்டிவனம் தொடர்ந்து 4.1 என்று எழுதியது. படிக்க வந்த புரோகிராமுக்குக் கிடைத்தது விழுப்புரத்து எண்ணும் திண்டிவனத்து முடிவும். இரண்டு மாதத்தில் வேறு எத்தனை முறை கலந்ததோ, யாருக்கு என்ன ஆனதோ, அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்து, பொய்ப் பில் எண்களை வைத்து இரண்டையும் விடாமல் ஓட்டிப் பார்த்தேன். சில நிமிடத்தில் ஒரு முடிவு தப்பான எண்ணோடு வந்து நின்றது. அதைத் தாளில் எடுத்துக்கொண்டேன். இரண்டு ஊருக்கும் தனித்தனி எண் கொடுத்தேன். எழுதாமல் விட்ட அந்த ஒரு வரியையும் எழுதினேன். திங்கட்கிழமை காலை தாளை ஏழுமலை சாரின் மேசையில் வைத்தேன்.

முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

"இப்ப சரி பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன் சார்."

"ஓடுதா?"

"ஓடுது."

"அப்ப இத்தோட வுட்டுடும்மா."

"சார், அந்தப் பொண்ணு சரியாத்தான் அடிச்சிருக்குது. நாம சொல்லணும் சார்."

"சொன்னா அந்தம்மா திரும்பி வந்துடுவாங்களா? ஆஸ்பத்திரிய இழுத்து மூடுவாங்க. இருக்கிற அத்தினி பேரும் தெருவுல நிக்கணும்." வழக்கமான அதே மெல்லிய குரலில் சொன்னார்: "சோர்ஸ்ல உன் பேருதானம்மா கீது."

அதை மிரட்டலாகச் சொன்னாரா, என்னைக் காப்பாற்றச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தாளைத் திருப்பிக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். பத்து விநாடி போடச் சொன்னதை அவர் எங்கும் எழுதவில்லை. போட்டது என் கை.

நான் வாய் திறக்கவில்லை. அதற்கு நல்ல காரணம் ஏதாவது உண்டா என்று பல வருடம் தேடியிருக்கிறேன். ரயிலில் உட்கார்ந்து விக்கிரவாண்டி, மயிலம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகக் கடக்கும்போது தேடியிருக்கிறேன். பயத்தைத் தவிர எதுவும் அகப்படவில்லை. வேலையை நன்றாகச் செய்தேன். எல்லாப் புரோகிராம்களிலும் எழுதாமல் விட்ட சோதனைகளை எல்லாம் எழுதினேன். அதனால் ஸ்டெல்லாவுக்கு ஆனது ஒன்றுமில்லை. ஏழுமலை சார் ஓய்வு பெற்றார், பிறகு இறந்தார். போன வருடம் நானும் ஓய்வு பெற்றேன். இந்த வருடம் என் புரோகிராம்களை நிறுத்திவிட்டு வேறு சாஃப்ட்வேர் போட்டார்கள். என் பெயர் போட்ட சோர்ஸ் இப்போது எங்கும் ஓடவில்லை. அதன் பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது. இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

சென்ற மாதம் நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு எடுத்துக்கொண்டு, விழுப்புரத்தில் பஸ் ஏறித் திருவெண்ணெய்நல்லூர் போனேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். ஸ்டெல்லா வாசலில் சாக்கு விரித்து, விதைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பொறுக்கிக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டி, முன்முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து எழுந்தாள்.

"அக்கா! வாங்கக்கா. இன்னா இம்மாந்தூரம்?"

உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். அன்றிலிருந்து பரிசோதனைக் கூடம் எதிலும் கால் வைக்கவில்லை என்றாள். தெரிந்தவர் ஒருவர் வேலை தருவதாகக் கூப்பிட்டும் போகவில்லையாம். "நம்பரு அடிக்கவே கை நடுங்குதுக்கா. களை வெட்டப் போறேன், மல்லாட்டை ஆய்றேன். அதுல தப்பு வந்தா யாரும் சாவப் போறதில்ல."

தாளைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள். டெக்னீஷியன் இல்லையா, சட்டென்று புரிந்துவிட்டது.

"அப்ப நான் ஆறு புள்ளி எட்டுதான் அடிச்சிருக்கேன்."

"ஆமாம்மா."

"அடிச்சேன்னுதான் சொன்னேன். அப்புறம் எனக்கே சந்தேகமாப் பூட்சி." தாளை மறுபடி மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சிச்சி?"

தாளில் அந்த ஒன்றை மட்டும் நான் எழுதியிருக்கவில்லை.

"நீ போய் பதினோரு நாள்ல" என்றேன்.

வெளியே கோழி ஒன்று மல்லாட்டைச் சாக்கில் ஏறியது. எழுந்து போய் விரட்டிவிட்டு வந்தாள். உட்காரவில்லை.

"அந்தம்மா வூட்டுக்காரருகிட்ட சொன்னீங்களா மேடம்?"

"இல்ல. இனிமேதான் போகணும்."

"நான் போனேன்" என்றாள். "அந்த வருசமே போனேன். பெரணில எறங்கி, கேட்டுக் கேட்டுப் போனேன். நான்தான் நம்பர மாத்தி அடிச்சி உங்க சம்சாரத்த சாவடிச்சிட்டேன்னு அவரு கால்ல வுயுந்தேன். மொத ரெண்டு தபா தொரத்திட்டாரு. மூணாந்தபா உக்காரச் சொன்னாரு. அவரு பொண்ணு கஞ்சி ஊத்திக் குடுத்துச்சி. 'போனது போச்சி, நீ வேணும்னா செஞ்ச? அழாத போம்மா'ன்னாரு. இப்பவும் வருசத்துக்கு ஒரு தபா போயி பாத்துட்டு வர்றேன். அந்தப் பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிக வச்சாங்க."

"நான் போய் உண்மையைச் சொல்லிடறேன் ஸ்டெல்லா. உன் மேல தப்பு இல்லன்னு அவருக்குத் தெரியட்டும்" என்றேன்.

"வேணாம் மேடம்."

"இல்லம்மா..."

"அவரு மனசு ஆறவே அத்தினி வருசம் ஆச்சி. இப்பப் போயி, அது இல்ல, வேற ஆளுன்னு சொன்னா மறுபடியும் மொதல்லேருந்து அந்தாளு எப்படித் தாங்குவாரு? உங்களுக்குப் பாரம் எறங்கணும்னு அவரு தலைல வைக்காதீங்க."

தாளை நான்காக மடித்து ஜன்னல் மேல் வைத்தாள். திருப்பிக் கொடுக்கவில்லை. அது வேண்டுமென்றும் சொல்லவில்லை. வாசலுக்குப் போய் மறுபடி மல்லாட்டை முன் உட்கார்ந்து, சொத்தையை ஒரு பக்கமும் நல்லதை ஒரு பக்கமுமாகப் பிரிக்கத் தொடங்கினாள். நான் அவள் பின்னால் வந்து நின்றேன். ஏதாவது கேட்பாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அஞ்சே காலுக்கு விழுப்புரம் பஸ்சு" என்றாள், தலை நிமிராமல். "அத வுட்டீங்கன்னா அப்புறம் ஏழு மணிக்குத்தான் மேடம்."

செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். பஸ் நேரத்துக்கு வந்தது. உட்கார இடமும் கிடைத்தது.